குடலுக்குப் போடும் ஊசி, உள்ளங்கையில் கொப்புளம்: நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. நான்கு வருடமாகக் கிரோன்ஸ் என்ற குடல் புண் நோய். வயிற்றுவலி, பேதி, ரத்தசோகை என்று படாத பாடு பட்டாள். எடை 36 கிலோவுக்கு இறங்கியபோது குடல் மருத்துவர் அடாலிமுமாப் ஊசி ஆரம்பித்தார். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று பத்து மாதமாகப் போட்டு வந்தோம். வயிறு சரியாகிவிட்டது, இப்போது 47 கிலோ இருக்கிறாள். ஆனால் மூன்று மாதமாக இரண்டு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சீழ்க் கொப்புளம் கிளம்பி, காய்ந்து, தோல் உரிகிறது. தலையில் செதில் கட்டி, காதுக்குப் பின்னால் முடி கொட்டுகிறது. அக்கி என்று சொன்னார்கள். காருக்குறிச்சியில் கூட்டிப்போய் அக்கி எழுதினோம். அப்புறம் மருந்துக் கடையில் ஒரு டியூபும் செட் மாத்திரையும் வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாரம் அடங்கி, பிறகு முன்னைவிட அதிகமாக வந்தது. ஊசியால்தான் இதெல்லாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னதால் கடைசி இரண்டு ஊசியைப் போடவில்லை. வீட்டில் அம்மாவோடு சேர்ந்து பீடி சுற்றுவாள். இப்போது கத்தரி பிடிக்க முடியவில்லை. மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஊசியை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா? இது ஒட்டுமா? முடி திரும்ப வருமா? சீசன் ஆரம்பித்ததும் குற்றாலம் போகலாமா என்று வேறு கேட்கிறாள்.
(சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி)

பதில்: அண்ணாச்சி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, போடாமல் விட்ட அந்த இரண்டு ஊசிகள்தான். கொப்புளத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்றைக்கே குடல் மருத்துவருக்குப் போன் போட்டு, கடைசி ஊசி எந்தத் தேதியில் போட்டது, ஏன் விட்டீர்கள் என்று இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விட்ட ஊசிக்கும் சேர்த்து இரண்டாக நீங்களே போட்டுவிட வேண்டாம். அடுத்தது எப்போது, எவ்வளவு என்பதை அவர் சொல்லட்டும்.

இதில் நான் இவ்வளவு அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. அடாலிமுமாப் ஒரு புரத மருந்து. முறையாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை உடம்பு அதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். இடையில் நீண்ட இடைவெளி விட்டுத் திரும்பத் தொடங்கினால், சிலருடைய உடம்பு அதை வேற்று ஆளாகப் பார்த்து எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும். அதன்பிறகு ஊசி போட்டாலும் வேலை செய்யாது. கிரோன்ஸுக்கு நம் கையில் இருக்கும் நல்ல மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். பதினொரு கிலோ எடையைத் திருப்பிக் கொடுத்த மருந்தை அக்கம்பக்கத்துப் பேச்சுக்காகக் கைநழுவ விடக்கூடாது. அதோடு, ஊசியை நிறுத்தினால் தோல் உடனே தெளிந்துவிடும் என்பதும் உறுதியில்லை. நிறுத்தியும் மாதக்கணக்கில் நீடிப்பவர்கள் உண்டு. அதற்குள் குடல் முந்திக்கொண்டு கெட்டுவிடும்.

சரி, இது ஊசியால் வந்ததா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. சொந்தக்காரர்கள் காரணத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் சொன்ன தீர்வுதான் தவறு.

அடாலிமுமாப், இன்ஃபிளிக்சிமாப் இரண்டும் டிஎன்எஃப் என்ற ஒரு பொருளை அடக்கும் மருந்துகள். குடலில் புண்ணைக் கிளப்பிவிடுவதில் பெரிய பங்கு அந்த டிஎன்எஃப்புக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், சோரியாசிஸ் என்ற செதில் நோய்க்கும் இதே ஊசிகளைத்தான் தோல் மருத்துவர்கள் நாங்கள் எழுதுகிறோம். சோரியாசிஸை அடக்கும் மருந்தே, குடலுக்காகப் போட்டுக்கொள்ளும் சிலருக்குச் சோரியாசிஸ் மாதிரியே ஒன்றைக் கொண்டுவந்துவிடுகிறது. நூறு பேர் இந்த ஊசி போட்டால் ஏறக்குறைய 2 முதல் 5 பேருக்கு இப்படி வரும். உங்களுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனம் தெரியும். ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடாது, அடுத்த மடையில் ஏறிப் பாயும். டிஎன்எஃப் நம் உடம்பில் இன்டர்ஃபெரான் என்ற இன்னொரு பொருளைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. டிஎன்எஃப்பை அடைத்ததும் சிலருக்கு அந்த இன்டர்ஃபெரான் தோலில் கட்டு மீறிப் பெருகிவிடும். அதுதான் செதிலாகவும் கொப்புளமாகவும் வெளியே தெரிகிறது.

இது எங்கே வரும் என்பதற்கும் ஒரு சாயல் உண்டு. உள்ளங்கை, உள்ளங்கால், தலை. இந்த மூன்றும்தான் இதற்குப் பிடித்த இடங்கள். காதுக்குப் பின்னாலும், அக்குள், தொடை இடுக்கிலும்கூட வரும். ஊசி தொடங்கிய சில வாரத்திலும் வரலாம், இரண்டு வருடம் கழித்தும் வரலாம். இன்னொன்று, பெரும்பாலும் குடல் நன்றாக அடங்கியிருக்கும் காலத்தில்தான் இது தலைகாட்டும். "வயிறு நல்லா இருக்கும்போது ஏன் தோலுக்கு வந்தது?" என்று குழம்பாதீர்கள். குடல் நோயே தோலில் காட்டும் அடையாளங்கள் வேறு. முழங்காலுக்குக் கீழே சிவந்த, தொட்டால் வலிக்கிற முண்டுகள், வாய்ப்புண், சிறு புள்ளியாகத் தொடங்கி வேகமாக விரியும் வலிமிகுந்த புண். இவை பெரும்பாலும் குடல் கிளம்பியிருக்கும்போது சேர்ந்து வரும். மகளுக்கு வந்திருப்பது அந்த வகையாகத் தெரியவில்லை.

அந்தக் கொப்புளத்தில் இருக்கிற சீழைப் பற்றி ஒரு வார்த்தை. பார்த்தால் சீழ்தான், ஆனால் அதில் கிருமி இருக்காது. வெள்ளை அணுக்கள் திரண்டு நிற்பதுதான் அப்படித் தெரிகிறது. ஆகவே அது ஒட்டாது. அவள் கைபட்ட சோற்றைச் சாப்பிடலாம், அவள் பாயில் படுக்கலாம், குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாம். இதை வீட்டில் எல்லாரும் கேட்கும்படி நீங்களே சொல்லுங்கள். ஒட்டும் என்று நினைத்துத் தட்டைத் தனியாக வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் படுகிற வேதனை கொப்புளத்தைவிடப் பெரியது.

கிருமி இல்லாத சீழ் என்பதால்தான் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு இங்கே வேலையில்லை. கிரோன்ஸ் இருப்பவர்களுக்குத் தேவையில்லாத ஆன்டிபயாடிக் கெடுதலும் செய்யும். குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து, கிளாஸ்ட்ரிடியம் என்ற பொல்லாத கிருமியை வளரவிட்டுப் பேதியைக் கொண்டுவரும். அதைப் பார்த்து "கிரோன்ஸ் திரும்பிவிட்டது" என்று தவறாக முடிவு கட்டவும் வாய்ப்புண்டு.

இனி கடையில் வாங்கிய செட் மாத்திரை. அதில் என்னென்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பொதுவாக இந்தப் பொட்டலங்களில் ஒரு வலி மாத்திரையும் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் மாதிரி வலி மாத்திரைகள் கிரோன்ஸைக் கிளப்பிவிடும். அவளுக்கு வலியோ காய்ச்சலோ வந்தால் பாராசிட்டமால் மட்டும் போதும். ஸ்டீராய்டு மாத்திரை சோரியாசிஸில் முதலில் நன்றாகக் கேட்பதுபோல இருக்கும். நிறுத்தியதும் ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பி வரும், சிலருக்கு உடம்பு முழுக்கச் சீழ்க் கொப்புளமாகக் கிளம்பும். நீங்கள் எழுதிய "ஒரு வாரம் அடங்கி, பிறகு அதிகமாக வந்தது" என்பதில் எனக்கு அதுதான் தெரிகிறது. குடலுக்காகக் குடல் மருத்துவர் ஸ்டீராய்டு கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது வேறு விஷயம். அதை நான் குறை சொல்லவில்லை.

டியூப் மருந்தும் இதே கதைதான். படர்தாமரைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று என்று எல்லாவற்றையும் ஒரே டியூபில் கலந்து விற்கிறார்கள். இந்தக் கலவைக் களிம்புகளால் நம் நாட்டில் படர்தாமரை எவ்வளவு அடங்காத நோயாகிவிட்டது என்று எந்தத் தோல் மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். மகளுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஊசி போகிறது. அவளுக்குப் பூஞ்சை வந்தால் அது வேகமாகப் பரவும். அதன்மேல் இந்தக் கலவையைத் தடவினால் அடையாளமே தெரியாமல் உருமாறிவிடும். ஆகவே தோல் மருத்துவர் முதலில் செய்ய வேண்டியது, செதிலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது. சில நிமிட வேலை. சந்தேகம் தீராவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, மூன்று நான்கு மில்லிமீட்டர் தோலை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவோம். அதற்குப் பயப்பட வேண்டாம். அந்தக் கலவை டியூபை இப்போதே நிறுத்திவிட்டு, மருத்துவரைப் பார்க்கிற நாள்வரை வெறும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். டியூப் அட்டையைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள்.

அக்கி எழுதியது பற்றி. அதில் தீங்கு ஒன்றும் நடக்கவில்லை. வேளார் வீட்டில் காவியைக் குழைத்து அன்போடு எழுதிவிடுகிறார்கள், நம் ஊரில் தலைமுறைகளாக நடப்பது. ஆனால் இது அக்கி அல்ல. அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக, கொத்துக்கொத்தாக வரும். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடம் தீயாக எரியும். இரண்டு கை, இரண்டு கால் என்று ஒரே சீராக வராது. இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், இந்த மாதிரி ஊசி போடுகிறவர்களுக்கு நிஜமான அக்கி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். நாளைக்கே அப்படி ஒரு பக்கமாக எரிந்து கொப்புளம் போட்டால், காவி எழுதிவிட்டு ஏழு நாள் பொறுத்துப் பார்க்கக்கூடாது. 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கு ஆபத்து, அன்றைக்கே போக வேண்டும். அம்மை போட்டாலும் அப்படித்தான். வேப்பிலை வைப்பது உங்கள் நம்பிக்கை, வையுங்கள். கூடவே மருத்துவருக்கும் உடனே தெரிய வேண்டும். அந்தச் சமயத்தில் அடுத்த ஊசி போடலாமா என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

இப்போது வைத்தியம். இந்த ஊசியால் தோல் கெட்டவர்களில் பெரும்பாலானவர்கள் ஊசியைத் தொடர்ந்துகொண்டே தோலைச் சரிசெய்துகொள்கிறார்கள். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுதான்.

உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடிப்பானது. அங்கே வீரியமான ஸ்டீராய்டு களிம்பு தேவைப்படும். ஆமாம், கலவை டியூபில் இருக்கும் க்ளோபெட்டசாலைத்தான் நானும் எழுதுவேன். ஆனால் தனியாக, எத்தனை நாள், எவ்வளவு, எங்கே என்று கணக்குச் சொல்லி, பிறகு குறைத்து. அதை முகத்திலும் இடுக்கிலும் பூசக்கூடாது. கூடவே கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகைக் களிம்பு. இரவில் களிம்பு போட்டு, மேலே வாசலின் தடவி, பருத்திக் கையுறையும் சாக்ஸும் மாட்டிப் படுக்கச் சொல்லுங்கள். பாதத்தில் வெடிப்பு ஆறியபிறகு யூரியா கலந்த கிரீம் நல்லது. ஆறாத வெடிப்பில் அது எரியும். தலைக்கு சாலிசிலிக் அமிலம் கலந்த எண்ணெயை இரவில் ஊறவைத்து, காலையில் தார் ஷாம்பு போட்டு அலசி, பிறகு ஸ்டீராய்டு லோஷன். செதிலை நகத்தாலோ பேன் சீப்பாலோ பிய்க்க வேண்டாம். சீயக்காய், அரப்பு இரண்டையும் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள், உரசி எரிச்சலைக் கூட்டும்.

முடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வரும். இந்த வகையில் முடி வேரோடு அழிவது அரிது. வீக்கம் அடங்கினால் சில மாதத்தில் முளைக்கும். ஆனால் நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் சில இடங்களில் தழும்பு விழுந்து மொட்டையாகவே நின்றுவிடக்கூடும். அதனால் தலைக்கான வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். இறுக்கிப் பின்னாமல் தளர்வாக விடச் சொல்லுங்கள். ஊசியோடு அசத்தியோபிரின் என்ற, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையும் கொடுக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். அந்த மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் தலை முழுக்கக் கொத்துக்கொத்தாக முடி உதிர்ந்தால், ரத்தத்தில் வெள்ளை அணு பாதாளத்துக்கு இறங்குகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு. நம் நாட்டில் குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு இது நடக்கிறது. அப்போது அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மகளுக்கு இருப்பது காதோரச் செதிலோடு சேர்ந்த உதிர்வு, அது வேறு. இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

களிம்பில் ஆறு, எட்டு வாரத்தில் கேட்காவிட்டால் அடுத்தது ஒளிச் சிகிச்சை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், குறிப்பிட்ட அலைநீளமுள்ள புற ஊதா ஒளியில் கையையும் காலையும் காட்டுவது. உங்களுக்கு ரயில் வசதி இருக்கிறது, பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் கேட்டுப் பாருங்கள். இந்த வேலையை வெயிலில் நின்று செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அளவு நம் கையில் இருக்காது. அசத்தியோபிரினும் சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் கூடுதல் கெடுதல். நீண்ட காலத்தில் தோல் புற்றுநோய்க்கான வாய்ப்பை அந்த மாத்திரை கூட்டுகிறது. நம் நிறத்துக்கு அது அரிதுதான். ஆனாலும் வயலுக்குப் போகும்போது முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துணியும் போட்டுக்கொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அதிலும் அடங்காவிட்டால் ஊசியை மாற்றுவது பற்றிப் பேசலாம். அடாலிமுமாப்பை விட்டு இன்ஃபிளிக்சிமாப்புக்குப் போவதில் பலன் குறைவு. இரண்டும் ஒரே வேலையைச் செய்கிறவை, கொப்புளம் பெரும்பாலும் திரும்ப வரும். வேறு வழியில் போகும் உஸ்டெகினுமாப் இங்கே நல்ல தேர்வு. அது முதலில் சோரியாசிஸுக்காக 2009-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. 2016-ல் கிரோன்ஸுக்கும் அனுமதி கிடைத்தது. ஒரே ஊசியில் குடலும் தோலும் இரண்டும் அடங்க வாய்ப்புண்டு. முதல் தடவை எடைக்கு ஏற்ப டிரிப்பில் ஏற்றி, பிறகு எட்டு அல்லது பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவார்கள். செலவு அதிகம், அதை மறைக்க முடியாது. அதனால்தான் களிம்பிலும் ஒளியிலும் முடிந்தவரை முயன்றுவிட்டு அங்கே போக வேண்டும் என்கிறேன். மாற்றுவதற்கு முன் மலத்தில் கால்ப்ரொடெக்டின் பரிசோதனை செய்து, குடல் உண்மையில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்றும் பார்ப்பார்கள்.

என் துறைக்காரர்களையும் சேர்த்து ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சோரியாசிஸுக்குச் செகுகினுமாப் என்று ஒரு ஊசி உண்டு. தோலுக்கு அருமையாகக் கேட்கும், ஆனால் கிரோன்ஸைக் கிளப்பிவிடும். கிரோன்ஸ் இருப்பது தெரியாத தோல் மருத்துவர் நல்லெண்ணத்தில் அதை எழுதிவிடலாம். ஆகவே எந்த மருத்துவர் முன்னால் உட்கார்ந்தாலும் முதல் வாக்கியமாக "இவளுக்குக் கிரோன்ஸ் இருக்கிறது, அடாலிமுமாப் போடுகிறாள்" என்று சொல்லிவிடுங்கள். பல் மருத்துவரிடம்கூட.

கல்யாணம் பற்றி. இந்த நோயோடு கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், பிள்ளை பெறலாம். குடல் அடங்கியிருக்கும்போது கர்ப்பம் தரிப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது, ஊசியை நிறுத்தக்கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். அடாலிமுமாப்பைக் கர்ப்ப காலத்திலும் தொடர முடியும். ஆனால் கொப்புளத்துக்குக் கொடுக்கும் இரண்டு மருந்துகளில் எச்சரிக்கை வேண்டும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும்போது கர்ப்பமாகவே கூடாது. நிறுத்திக் குறைந்தது மூன்று மாதமாவது போக வேண்டும். அசிட்ரெடின் என்ற மாத்திரை உள்ளங்கைக் கொப்புளத்துக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் நிறுத்தி மூன்று வருடம்வரை பிள்ளைக்குக் குறைபாடு வரும் ஆபத்து இருப்பதால், கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு அதை எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாப்பிள்ளை பார்ப்பது பற்றித் தோல் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பிள்ளை பிறந்தபிறகும் ஒன்று நினைவில் இருக்கட்டும்: கர்ப்ப காலத்தில் தாய் இந்த ஊசி போட்டிருந்தால், பிறந்தவுடன் போடும் பிசிஜி தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டும். பிரசவ ஆஸ்பத்திரியில் வழக்கம்போலப் போட்டுவிடுவார்கள். முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் போடும் ஊசியை மறைத்து ஒரு பெண்ணால் குடித்தனம் நடத்த முடியாது. மறைக்கப்போய் ஊசியை விட்டுவிட்டு, எலும்பும் தோலுமாகத் திரும்பி வரும் பெண்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். கேட்டுவிட்டு விலகுகிற சம்பந்தம் விலகட்டும்.

பீடி வேலையை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். கூலி போகும் என்று தெரியும். ஆனால் தோல் உரசுகிற, அழுந்துகிற இடத்தில்தான் சோரியாசிஸ் புதிதாகக் கிளம்பும். இலை வெட்டும் கத்தரி அழுந்துகிற விரலும், சுருட்டி நூல் கட்டுகிற விரல் நுனியும் ஆற இடமே கிடைக்காது. கை ஆறியபிறகு மெதுவாகத் தொடங்கலாம். புகைப்பதற்கும் உள்ளங்கைக் கொப்புளத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு, புகை கிரோன்ஸையும் மோசமாக்கும். வீட்டில் யார் பிடித்தாலும் வாசலுக்கு வெளியே போகட்டும். பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் அவளை விட வேண்டாம். தவிர்க்க முடியாதபோது பருத்திக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை.

சாப்பாட்டில் ஒன்றையும் குறைக்காதீர்கள். கரப்பான் பண்டம் என்று சொல்லிக் கத்திரிக்காய், கருவாடு, மீன் எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கொப்புளத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. கஷ்டப்பட்டு ஏறிய எடை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதை எல்லாம் சாப்பிடட்டும். வெட்பாலைத் தைலம் தடவலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வெடிப்பும் சீழும் இல்லாத இடத்தில், தோல் மருத்துவருக்குச் சொல்லிவிட்டுத் தடவுங்கள். உள்ளுக்குச் சாப்பிடும் சூரணம், பற்பம் எதையும் இரண்டு மருத்துவருக்கும் தெரியாமல் கொடுக்க வேண்டாம். மெத்தோட்ரெக்சேட்டோ அசத்தியோபிரினோ சேர்ந்தால் ஈரல் தாங்காது.

குற்றாலம்? கையிலும் காலிலும் வெடிப்பு இருக்கும்வரை அருவியும் வேண்டாம், ஆற்றுக் குளியலும் வேண்டாம். கூட்டம் குளிக்கும் தண்ணீரில் திறந்த தோல் வழியாகக் கிருமி ஏறும், அவளுக்கு அது சட்டென்று பரவும். தோல் மூடி ஆறியதும் தாராளமாகப் போகலாம். குளித்ததும் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தினால் போதும். ஊசி போடுகிறவள் என்பதற்காக வாழ்நாள் முழுக்க அருவியைப் பார்க்க மட்டும் வைக்க வேண்டியதில்லை.

காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலைகளைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு கொப்புளம் உடம்பு முழுக்கப் பரவினால், ஒரு இடம் சிவந்து சூடாகி வீங்கி மணிக்கு மணி விரிந்தால், ஊசி போட்ட சிறிது நேரத்தில் முகம் வீங்கி மூச்சு இழுத்தால், அன்றைக்கே. ஊசி குத்திய இடத்தில் மட்டும் சிவந்து அரித்தால் பயமில்லை. மருந்தைப் போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்து, வயிறு, தொடை என்று ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றிப் போட்டால் குறையும். கன்னம் இரண்டும் சிவந்து மூட்டு வலித்தால், அல்லது சாயங்காலக் காய்ச்சலும் இருமலும் எடைக் குறைவும் சேர்ந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த ஊசி உள்ளே தூங்குகிற காசநோயை எழுப்பிவிடக்கூடியது. தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் செய்தது அதற்காகத்தான்.

தோல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் ஊசி தொடங்கிய தேதி, கொப்புளம் முதலில் தெரிந்த தேதி, விட்ட இரண்டு ஊசியின் தேதிகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயர் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கொப்புளம் நன்றாகக் கிளம்பியிருக்கும் நாளில் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகிற அன்று பார்த்து அது காய்ந்திருக்கும். தாளின் அடியில் குடல் மருத்துவரின் போன் நம்பரை எழுதி, "இவரிடம் பேசிவிட்டு மருந்து எழுதுங்கள், ஐயா" என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.